போஞ்சி (பீன்ஸ்) நல்லாப் பூக்குது, ஒரு பிஞ்சும் நிக்குதில்ல (திருகோணமலை) - உதவி தேவை

நிலாவெளி வளவு:
வணக்கம் எல்லாருக்கும், ஒரு உதவி வேணும். வீடு நிலாவெளிப் பக்கம், கடல் கிட்ட, மண் முழுக்க மணல், மாட்டெருவும் கூட்டெருவும் நல்லாக் கலந்துதான் பாத்தி கட்டினது. சித்திரை வருஷம் முடிய கடையில வாங்கின கொடிப் போஞ்சி விதை போட்டனான், முளைச்சு கம்பில ஏறி இலை எல்லாம் பச்சைப்பசேலெண்டு நிக்குது, பூவும் கொத்துக் கொத்தா வருது, ஆனா காலமை போய்ப் பார்த்தா எல்லாம் நிலத்தில கொட்டிக் கிடக்கு. விழுந்த பூவை எடுத்துப் பார்த்தனான், காம்பு கணுவோட சுத்தமாக் கழண்டிருக்கு, பூச்சி கடிச்ச அடையாளம் ஒண்டும் இல்ல. தப்பித் தவறி வாற பிஞ்சும் ஒரு அங்குலம் வர முந்தி மஞ்சளாகி விழுது.

பக்கத்தில ரன்னர் பீன்ஸும் நிக்குது, லண்டன்ல இருக்கிற சித்தி வந்தநேரம் விதை கொண்டந்து தந்தவ. சிவப்புப் பூ, பார்க்க நல்ல வடிவு, காய் மட்டும் இல்ல. பக்கத்து வீட்டு ஐயா யூரியா போடச் சொல்றார், போடவோ? தண்ணி ரெண்டு நேரமும் கிணத்துத் தண்ணிதான். அம்மாவுக்கு போஞ்சிப் பால்கறி எண்டா உயிர், எப்பிடியாவது வளவிலயே காய்க்க வைக்கோணும், தெரிஞ்சவை சொல்லுங்கோ.

தம்பலகாமம் தோட்டம்:
யூரியா போடாதீங்க. இலை பச்சையா நிக்குது எண்டு நீங்களே சொல்றீங்க, இன்னும் போட்டா இலைதான் கூடும். ஒரு செடியை மெல்லக் கிண்டி வேரைப் பாருங்க, சின்னச் சின்ன முடிச்சு இருந்தா ஒண்டை நகத்தால வெட்டிப் பாருங்க, உள்ளுக்கு இளஞ்சிவப்பா இருந்தா யூரியாவில இருக்கிற அதே நைதரசனைச் செடி தானே காத்தில இருந்து எடுக்குது.

கன்னியா றோட் அக்கா:
தம்பி, உங்கட பிரச்சினை எருவும் இல்ல பூச்சியும் இல்ல, சூடு. போஞ்சி எங்கட நாட்டில எங்க விளையுது எண்டு பாருங்கோ, வெலிமடை, பண்டாரவளை, நுவரெலியா, எல்லாம் குளிர் ஊர். அதுக்கு ரா குளிரோணும், பகல் 30 பாகைக்கு மேல போய் ராவும் 25க்குக் கீழ இறங்காட்டி பூவுக்குள்ள இருக்கிற மகரந்தம் பழுதாப் போயிடும், கருக்கட்டாத பூவைச் செடி வச்சிருக்காது, கழட்டி விட்டிடும். நீங்க சொன்ன அந்தக் கணுவோட கழண்ட காம்பு அதுதான். இன்னொண்டு தெரியுமோ, மகரந்தம் பழுதாகிறது பூ விரியிற அண்டைக்கு இல்ல, பூ மொட்டா இருக்கேக்குள்ள, விரியிறதுக்குப் பத்து நாள் மாதிரி முந்தியே. அதால இண்டைக்கு ஒரு மழை பெய்து குளிர்ந்தாலும் நாளைக்குப் பூ நிக்கும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கேலாது.

இப்ப கச்சான் காத்து அடிக்கிற காலம், ஆடி வரைக்கும் பகல் 35க்குப் போகும், காத்தும் காய்ஞ்ச காத்து. பின்னேர வெயிலுக்கு நிழல் வலை கட்டலாம், அடியில வைக்கோலோ வாழைச் சருகோ போட்டு மூடலாம், செடி வாடாது, ஆனா கடற்கரையில ராச் சூட்டை நீங்களோ நானோ குறைக்கேலாது. கார்த்திகைக் கடைசியில இல்லாட்டி மார்கழியில போடுங்கோ. போட்டு ஒண்டரை மாசம் மட்டில பூக்கும், அப்ப தை மாசம், எங்களுக்கு வருஷத்திலயே குளிரான நேரம், பகல் 28 கிட்டத்தான். மலைநாட்டு விளைச்சல் வராது, ஆனா கறிக்குக் காணும். மாரி மழையில விதை அழுகும், அதுக்குப் பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கோ, விதையை ஊறப் போடாதேங்கோ, காய்ஞ்ச விதையாவே ரெண்டு விரல்கட்டை ஆழத்தில போட்டாக் காணும். கொடியை விட பத்தையா வளர்ற சாதி நல்லது, கெதியாப் பூத்து முடிக்கும், உரப் பையில வச்சா அடைமழைக்குத் தாழ்வாரத்துக்குள்ள இழுக்கலாம்.

ரன்னர் பீன்ஸை விட்டிடுங்கோ தம்பி. அது மத்திய அமெரிக்காவில மலைப்பக்கத்துச் செடி, போஞ்சிக்கே சூடு எண்டா அதுக்கு இன்னும் சூடு. போஞ்சிப் பூ தன்ர மகரந்தத்தில தானே கருக்கட்டும், ரன்னர் பீன்ஸுக்குத் தேனீ வந்து இருந்து அமத்தினாத்தான் காய் பிடிக்கும், லண்டன்லயே வெக்கையான கிழமையில சனம் பூக் கொட்டுது எண்டு குறை சொல்லும். அதோட சித்தியிட்ட அன்பாச் சொல்லுங்கோ இனி விதை கொண்டுவர வேண்டாம் எண்டு. 1999 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அனுமதி எடுக்காமக் கொண்டுவரக் கூடாது. சும்மா சட்டத்துக்காகச் சொல்லேல்ல, போஞ்சியில வாற தேமல் வைரசு விதையோடயே வரும், பிறகு ஊர்த் தோட்டத்துக்கெல்லாம் பரவினா ஆர் பொறுப்பு.

கிண்ணியா மரக்கறி:
அக்கா சொன்னது சரி, நான் தண்ணியப் பத்தி ஒரு கதை சொல்றன். கடல் கிட்ட கிணறு எண்டா இந்த மாசங்கள்ல உவர் ஏறும். போஞ்சி உப்புக்குச் சரியாப் பயந்த பயிர், மண்ணிட உப்பு மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் (உப்பு அளக்கிற அலகு) தாண்டினாலே விளைச்சல் விழத் தொடங்கும், தக்காளி 2.5 வரைக்கும் தாங்கும். கீழ் இலைட ஓரம் காய்ஞ்சு கபில நிறமா சுருண்டிருக்கா எண்டு பாருங்க. இருந்தா பைப் தண்ணி ஊத்துங்க, இல்லாட்டி மாரி வரைக்கும் விடுங்க, ஒரு நல்ல மழை மணல்ல இருக்கிற உப்பைக் கழுவிடும்.

நிலாவெளி வளவு:
எல்லாருக்கும் பெரிய நன்றி. வேரில முடிச்சு இருக்கு, உள்ளுக்கு இளஞ்சிவப்புத்தான். கீழ் இலை சிலது ஓரம் காய்ஞ்சுதான் இருக்கு. இன்னொரு சந்தேகம், ஆனி பிறக்க ஒரு வரிசை புதுசாப் போட்டனான், அதில கன்று நாலு இலை வந்த உடனே மஞ்சளாகி சரியுது, நிலத்தோட ஒட்டின இடத்தில தண்டு தடிச்சு வெடிச்சிருக்கு, இதுவும் உப்போ?

தம்பலகாமம் தோட்டம்:
இல்ல, அது போஞ்சி ஈ. முதல் இலையில முட்டை போடும், புழு இலை நரம்பால இறங்கி காம்பு வழியாத் தண்டு அடிக்கு வரும். வெடிச்ச தோலை நகத்தால உரிச்சுப் பாருங்க, எள்ளளவில கபில நிறக் கூடு இருக்கும். அந்தக் கன்றைப் பிடுங்கி எரிச்சிடுங்க, வளவில போடாதீங்க, கூடு பொரிச்சு ஈ திரும்ப வரும். மிச்சக் கன்றுக்கு அடி இலை வரைக்கும் மண் அணையுங்க, தண்டில மேல புது வேர் விட்டு பாதி தப்பும். மார்கழியில போடேக்கையும் முளைச்ச முதல் ரெண்டு கிழமை வலை போட்டு மூடி வையுங்க.

நிலாவெளி வளவு:
கூடு இருந்தது, இப்பதான் உரிச்சுப் பார்த்தன். பிடுங்கிறன். அப்ப இப்ப அந்தக் கம்பெல்லாம் சும்மாவோ நிக்கிறது?

கன்னியா றோட் அக்கா:
ஏன் சும்மா, பயித்தங்காய் போடுங்கோ. அதுக்கு இந்த வெயில் பிடிக்கும், ஒண்டரை ரெண்டு மாசத்தில ஆயலாம். பிஞ்சில கறுப்பா அப்பிற பூச்சி வரும், காலமையில தண்ணியைப் பலமா அடிச்சு விழுத்திவிடுங்கோ. போஞ்சி நிண்ட அதே குழியில போடாம ஒரு முழம் தள்ளிப் போடுங்கோ, போஞ்சி ஈ பயித்தங்காய்க்கும் வரும். அம்மாட்ட பால்கறிக்கு இளசா ஆயச் சொல்லுங்கோ, முத்தினா நார்.