பொதுப்பட்டியலா, உடனதிகாரப் பட்டியலா?

அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். நம் சொற்பட்டியலுக்காக, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொருள்கள் அடங்கிய 'கன்கரண்ட் லிஸ்ட்'டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அண்ணாச்சி இப்படி எழுதியிருந்தார்:

> கன்கரண்ட் லிஸ்ட்டுக்குக் 'கூட்டுப்பட்டியல்' என்றே வைத்துவிடலாம். கூட்டுப் பட்டா தெரியாத ஆள் நம்ம ஜில்லாவில் உண்டா?

சொல் எளிமையாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் கூட்டுப் பட்டாவில் பேர் உள்ள எல்லாருக்கும் நிலத்தில் பாத்தியதை உண்டு. ஒருவர் கையெழுத்து மற்றவர் கையெழுத்தை அடித்துவிடாது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணை, சட்டம் போடும் பொருள்களை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், கன்கரண்ட் லிஸ்ட் என்று மூன்றாகப் பிரிக்கிறது. இந்த மூன்றாம் பட்டியலின் கதை வேறு. அதிலுள்ள பொருள்களில் நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், சட்டமன்றமும் போடலாம். இரண்டும் முட்டிக்கொண்டால் அரசமைப்பின் 254-ஆம் உறுப்பின்படி (ஆர்ட்டிகிள்) ஒன்றியத்தின் சட்டம்தான் நிற்கும். மாநிலச் சட்டம் எந்த அளவுக்கு முரண்படுகிறதோ அந்த அளவுக்குச் செல்லாது. பத்திரிகைகள் எழுதும் 'பொதுப்பட்டியல்' மீதும் எனக்கு இதே குறைதான். பொது என்றதும் இருவருக்கும் சமபங்கு என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். 'ஒத்திசைவுப் பட்டியல்' என்ற இன்னொரு சொல்லோ இன்னும் தள்ளி நிற்கிறது. எப்போதும் இசைவு இருக்குமென்றால் 254 எதற்கு?

ஆடி அமாவாசைக்கு, நெல்லை மாவட்டக் காட்டுக்குள் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரே பயணத்தில் மூன்று பட்டியலும் வந்துவிடும். பாபநாசம் வனச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா, பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்நாட்டுப் புனிதப் பயணம் மாநிலப் பட்டியலில் 7-ஆம் பதிவு (என்ட்ரி). ஆனால் அந்தக் காடு மூன்றாம் பட்டியலில் 17அ. 1988-இல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகமான அந்தக் காட்டில் திரியும் புலி 17ஆ. அய்யனார் கோயில், சமய நிறுவனம் என்ற வகையில், அதே பட்டியலின் 28. குடும்பத்தோடு குடில் போட்டுத் தங்கிக் குளிக்கிற ஆற்றுத் தண்ணீரோ மறுபடி மாநிலப் பட்டியல், பதிவு 17. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. ஆகவே மாநிலங்களுக்கிடை ஆறுகள் பற்றிய ஒன்றியப் பதிவு 56 இதைத் தொடாது. அதே தண்ணீரில் பாபநாசத்தில் எடுக்கும் மின்சாரம் என்றால் திரும்பவும் மூன்றாம் பட்டியல், பதிவு 38. கழிமுகத்துக்கு அப்பால், நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல் எல்லையைத் தாண்டி வலை வீசினால் அந்த மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலுக்குப் போய்விடும்.

இதில் காடும் காட்டுயிரும் முதலில் மாநிலத்திடம்தான் இருந்தன. 1976-இல் 42-ஆம் திருத்தம் கல்வி, காடு, காட்டுயிர்ப் பாதுகாப்பு, எடை அளவு, நீதி நிர்வாகம் என ஐந்தை மூன்றாம் பட்டியலுக்கு நகர்த்தியது. 'பொதுவாக்கினார்கள்' என்று எழுதினால் பெருந்தன்மைபோல் ஒலிக்கிறது. நடந்தது என்னவென்றால், அதுவரை மாநிலம் தனியாக முடிவெடுத்த இடத்தில் மேலோங்கும் உரிமையோடு இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். மாணவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

254 வேலை செய்வதைப் பார்க்க ஜல்லிக்கட்டு போதும். விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுப்பதும் மூன்றாம் பட்டியல்தான். தமிழ்நாடு 2009-இல் போட்ட ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றியத்தின் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அதைத் தள்ளியது. 2017-இல் சட்டமன்றம் அந்த ஒன்றியச் சட்டத்தையே தமிழ்நாட்டு அளவில் திருத்தி, குடியரசுத் தலைவரின் இசைவையும் பெற்றது. 2023-இல் அரசியல்சாசன அமர்வு அதை ஏற்றது. இசைவு பெற்றால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும் என்பது 254-இன் இரண்டாம் கூறு. அப்போதும் நாடாளுமன்றம் பின்னால் ஒரு சட்டம் போட்டு அதை மாற்றலாம் என்று அதே கூறு சொல்கிறது.

ஆகவே என் பரிந்துரை 'உடனதிகாரப் பட்டியல்'. ஒரே பொருளில் இருவருக்கும் அதிகாரம் உண்டு என்பதை இது சொல்கிறது. சமம் என்று வாக்குக் கொடுக்கவில்லை. 'உடன்' என்றால் ஆபீஸ் கடிதத்தில் வரும் 'உடனே' என்று புரிந்துகொள்வார்களே என்று நேற்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் உடன்பிறந்தார், உடன்படிக்கை, உடன்போக்கு ஆகியவற்றில் யாரும் 'உடனடி' என்று பொருள் கொள்வதில்லை. பெயரோடு ஒட்டி வரும்போது தமிழ்க் காது சரியாகவே பிரித்துக்கொள்ளும்.

சட்டங்கள் முட்டிக்கொள்வதற்கு 'முரண்' போதும், புதுச்சொல் வேண்டாம். ஒன்றியச் சட்டம் நிற்பதற்கு 'மேலோங்கல்' என்று வைக்கலாம். 'மேலாதிக்கம்' வேண்டாம், அதில் குற்றச்சாட்டின் சாயல் இருக்கிறது, சட்ட நூலுக்கு ஒத்துவராது.

சொற்பட்டியலில் விளக்கம் இப்படி இருக்கட்டும்: "உடனதிகாரப் பட்டியல்: ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றத்தக்க பொருள்களின் பட்டியல், முரண் நேர்ந்தால், குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற மாநிலச் சட்டம் நீங்கலாக, ஒன்றியச் சட்டம் மேலோங்கும்." இதில் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் அண்ணாச்சி எழுதுங்கள்.