ஆமைத் தொட்டிக்கு எந்த விளக்கு, எங்கே பொருத்துவது?

கேள்வி:
வணக்கம். சென்னை அடுக்குமாடி வீடொன்றில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் ஒரு சிவப்புக் காது ஆமையை வளர்த்து வருகிறோம். கூடம் வடக்குப் பார்த்தது என்பதால் வெயில் உள்ளே வருவதில்லை. ஓட்டின் ஓரம் சற்று மென்மையாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. ‘யூவி விளக்கு’ என்று கடையில் கொடுத்த நீல எல்இடியைத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் வைத்திருக்கிறோம். அது போதுமா?

மறுமொழி 1:
போதாது. ஓடு மென்மையாகியிருந்தால், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டிவிடுங்கள். ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள யூவிபி கதிர் (புற ஊதாக் கதிரில் ஒரு வகை) தோலில் பட்டால்தான் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது குறைந்தால், தீனியில் கால்சியம் இருந்தும் உடலில் சரிவரச் சேராது. நீல எல்இடியில் இருப்பது பெரும்பாலும் நிறம் மட்டுமே. உண்மையான யூவிபி விளக்கை வைத்தாலும், சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஆகவே மூடியை எடுத்துவிடுங்கள்.

ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் டி5 யூவிபி டியூபை (மெல்லிய டியூப்லைட் வகை) வாங்குவது நல்லது. சுருள் பல்பின் கதிர் சிறிய இடத்தில்தான் விழும். டியூபோ ஆமையின் உடல் முழுவதையும் எட்டும். யூவிபி 5 அல்லது 6 சதவீதம் எனக் குறித்த வகையானால், நீருக்கு மேலே குளிர்காய அமைத்த மேட்டில் ஆமை ஏறி நிற்கும்போது அதன் முதுகுக்கும் டியூபுக்கும் இடையே சுமார் 30 செ.மீ. இருக்கட்டும், உற்பத்தியாளர் வேறு தூரம் குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பக்கவாட்டில் பொருத்தினால் கதிர் நேராகக் கண்ணில் பாயும் என்பதால், எப்போதும் தலைக்கு மேலேயே பொருத்த வேண்டும்.

மறுமொழி 2:
ஆமை உடலைச் சூடேற்றிக்கொள்ள வைக்கும் வெப்ப விளக்கின் ஒளியும் அதே மேட்டின்மேல் விழ வேண்டும். வெப்பம் ஒரு மூலையிலும் யூவிபி மறு மூலையிலும் இருந்தால், ஆமை வெப்பத்தைத் தேடிப் போகுமே தவிரக் கதிரைத் தேடிப் போகாது. மேட்டின் பரப்பில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் போதும். சென்னைக் கோடையில் அறையே அந்த அளவை நெருங்கிவிடுவதால், வாட் குறைந்த பல்பைத் தேர்ந்து, வெப்பமானியை மேட்டிலேயே வைத்துப் பாருங்கள். நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் எரிந்தபின் இரவில் இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூடியை இன்றே எடுத்துவிட்டோம். டியூப் வரும்வரை மொட்டை மாடி வெயிலில் விடலாமா?

மறுமொழி 1:
தாராளமாக விடலாம், நேரடி வெயிலுக்கு இணையான விளக்கே இல்லை. ஆனால் வெயிலில் கண்ணாடித் தொட்டி விரைவில் கொதித்துவிடும் என்பதால், அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நீர் ஊற்றி, பாதிக்கு நிழல் அமைத்து, காக்கையும் பூனையும் நெருங்காதபடி அருகிலேயே இருங்கள்.

மறுமொழி 3:
சூடான பல்பின்மேல் நீர் தெறித்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும். பீங்கான் ஹோல்டரைப் பயன்படுத்தி, விளக்கு நீரில் விழாதபடி சங்கிலியால் கட்டுங்கள். டியூபைப் பொருத்திய தேதியை அதன் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். வெளிச்சம் குறையாமலேயே யூவிபி தேய்ந்துபோகும் என்பதால், ஏறத்தாழ ஓராண்டில் மாற்ற வேண்டியிருக்கும்.