மறு: ‘அனானிமிட்டி ஆர்டர்’ – பெயர் மறைப்பா, அடையாளக் காப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது. வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் பெயர் வெளியே வராமல் காப்பது எப்படி என்று லண்டனில் நம் தொழிலாளர்கள் கையில் கொடுக்கப்போகும் தாள். இன்னும் ஒரே சொல்லில் நிற்கிறோம்: வழக்காடுபவர் யார் என்பதை ஊராரிடமிருந்து மறைக்கச் சொல்லும் ‘அனானிமிட்டி ஆர்டர்’ என்ற ஆணைக்குத் தமிழில் என்ன பெயர்? உங்கள் யோசனைகளுக்குக் கீழே பதில் சொல்கிறேன்.

போன மாதம் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மேலாளர் கொடுத்த பாலியல் தொல்லை பற்றிய வழக்கு. வழக்குப் படிவத்தை அவர் தொடவே இல்லை. கைபேசியை என் பக்கம் நீட்டி, “இதுல என் பேரைத் தட்டினா வருமா தம்பி?” என்றார். வரும். 2017 பிப்ரவரியிலிருந்து வேலைத் தீர்ப்பாயங்களின் தீர்ப்புகள் அரசின் இணையப் பதிவேட்டில் ஏறுகின்றன. வழக்கைத் திரும்பப் பெற்றால் வரும் தள்ளுபடித் தீர்ப்புக்கும் அங்கே இடம் உண்டு. அடுத்து, “பேரை மறைச்சா மேலாளருக்கும் தெரியாதுல்ல?” என்றார். தெரியும். மறைப்பது ஊராரிடமிருந்து, எதிர்த்தரப்பிடமிருந்து அல்ல.

> அநாமதேயம் எல்லாருக்கும் புரியுமே?

தவறாகப் புரியும். அநாமதேயம் என்றால் கேட்பாரற்றது, உரியவர் தெரியாதது. மொட்டைக் கடிதம்தான் நினைவுக்கு வரும். இந்த அக்கா நீதிபதி முன்னால் தன் பெயரோடு நிற்கிறவர்.

> ‘பெயர்க்கரவு’. குறள் 1162: ‘கரத்தலும் ஆற்றேன்’.

பேராசிரியர் ஐயா, அதே வள்ளுவர்தான் 527இல் ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்கிறார். கரவு என்றால் பிறருக்குக் கொடாமல் ஒளிப்பது; பிறகு வஞ்சகம் என்ற பொருளும் அதில் ஏறிவிட்டது. பாதுகாப்புக் கேட்டு வருகிறவர்மேல் அந்த வாடை படக்கூடாது. ‘கர’ என்ற பகுதியின் ஆராய்ச்சி தனி இழையில் தொடரட்டும், ஐயா.

> ‘பெயர் மறைப்பு’ போதாதா?

போதாது என்பதே என் வாதம். விதியில் இருப்பது அடையாளம். பெயர் அதில் ஒரு பகுதிதான். வேலைத் தீர்ப்பாயங்களின் 2013 விதிகளில் 50ஆம் விதி, 2025 ஜனவரி 6 முதல் புதிய விதிகளில் 49ஆம் விதி. இந்த வேறுபாடு நமக்குப் புதிதும் அல்ல. அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’, அதாவது யார் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்றது தொல்காப்பியம். நெடுநல்வாடையில் எந்தப் பெயரும் இல்லை. ஆனாலும் ‘வேம்புதலை யாத்த’ வேல் ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆளைக் காட்டிவிட்டது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்தப் பாட்டைப் புறத்தில் சேர்த்தார். ‘இந்த ஊர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் ஒரே தமிழ்ப் பெண்’ என்று தீர்ப்பில் இருந்தால், பெயருக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட்டு என்ன பயன்? அந்த வரிதான் வேப்பம்பூ. எனவே ‘அடையாளக் காப்பு ஆணை’ என்கிறேன்.

துண்டறிக்கையில் வரும் மற்ற இரண்டு சொற்களில் சண்டை இல்லை: மூடிய விசாரணை (பொதுமக்களை விடாமல் நடப்பது), செய்திக் கட்டுப்பாட்டு ஆணை (ஆளைக் காட்டும் செய்தியை வெளியிடத் தடை). ஒன்றோடொன்று குழம்பக்கூடாது. பாலியல் தொல்லை வழக்கில் 1996 வேலைத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வரும் செய்திக் கட்டுப்பாடு தீர்ப்பு வெளியாகும்வரைதான். அதை நம்பிப் பிறகு ஏமாறக்கூடாது. வெட்கமாக இருக்கிறது என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது என்பதையும் எழுத வேண்டும். திறந்த நீதிமன்றமே வழக்கம் என்று, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1913இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

—

யாழ்ப்பாணத்து அக்காவின் பதில்:

தம்பி, வேப்பம்பூ நல்லாயிருக்கு. ஆனா ‘அடையாளம்’ எண்டு தொடங்கினா எங்கட சனத்துக்கு அடையாள அட்டைதான் ஞாபகம் வரும். சோதனைச் சாவடியில நிண்ட ஆக்களுக்கு அந்தச் சொல்லே வயித்தைக் கலக்கும். ‘பெயர் மறைப்பு’ எண்டே போடுங்கோ. மிச்சத்தைக் கீழ ஒரு வரியில விளக்குங்கோ.

—

அக்கா, இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இதுவரை வந்த வாக்குகள்: பெயர் மறைப்பு ஏழு, அடையாளக் காப்பு மூன்று, பெயர்க்கரவு ஒன்று. ‘பெயர் மறைப்பு ஆணை’ என்றே அனுப்புகிறேன். அடியில் இந்த வரி: ‘உங்கள் பெயரையும், நீங்கள் யார் என்று காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் வெளியார் அறியாமல் மறைக்கும்படி கேட்கலாம். உங்கள் முதலாளிக்குத் தெரிந்தே இருக்கும்.’

என் வாக்கு இன்னமும் அடையாளக் காப்புக்கே. துண்டறிக்கையின் தலைப்பில் வர வேண்டியது ‘தனியுரிமை’யா ‘அந்தரங்க’மா என்பதற்கு நாளை மாலைக்குள் எழுதுங்கள்.