மென்-கான், மென்-ஷியென்: இரண்டும் நிலைப்படிதானா?

கேள்வி:
வணக்கம், சீனம் படிக்கிறேன். வேலைவாய்ப்புச் செய்தி ஒன்றைத் தமிழாக்கும்போது "இந்தத் தொழிலுக்கு மென்-கான் ரொம்ப உயரம்" என்று ஒரு வரி வந்தது. அகராதியில் பார்த்தால் நிலைப்படி என்கிறது. மென்-ஷியென் என்ற சொல்லுக்கும் அதே நிலைப்படிதான். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடலாமா? நாளை வகுப்பில் கொடுக்க வேண்டும், உதவுங்கள்.

பதில்:
போடாதீர்கள். இரண்டும் ஒரே கட்டைதான், வாசல் நிலைக்கு அடியில் குறுக்கே கிடப்பது. ஆனால் இன்றைய பேச்சில் வீட்டு நிலைப்படி என்றால் மென்-கான் தான். பழைய சீன வீடுகளில் அது தாண்டிப்போகிற உயரத்துக்கு இருக்கும். கடைசிப் பேரரசர் பூ யி பெய்ஜிங் அரண்மனைக்குள் சைக்கிள் ஓட்டுவதற்காக அவற்றை அறுத்தெடுக்கச் சொன்னார் என்றால் பாருங்கள். அந்த உயரத்திலிருந்துதான் "உள்ளே நுழையத் தேவையான தகுதி" என்ற பொருள் வந்தது. உங்கள் வரி: "இந்தத் தொழிலுக்குள் நுழைவது எளிதல்ல, நிறையத் தகுதி வேண்டும்." நிலைப்படியை அப்படியே தமிழில் வைத்தால் யாருக்கும் புரியாது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்போ மென்-ஷியென் எங்கே வரும்?

இன்னொரு பதில்:
பழைய நூல்களில். எனக்கு மிகவும் பிடித்தது துறவி ஜி-யோங் கதை. எழுத்துக்கலையில் பெயர் பெற்ற வாங் ஷி-ஜியின் வழிவந்தவர் அவர். அவர் கையெழுத்தை வாங்க வந்த கூட்டம் மிதித்து மிதித்து நிலைப்படி தேய்ந்துபோக, அதற்கு இரும்புத் தகடு அடித்தார்களாம், அதனால் "இரும்பு மென்-ஷியென்" என்ற பெயர் நிலைத்தது. இன்று அந்தச் சொல் மின்னணுவியலிலும் குறியாக்கவியலிலும் இருக்கிறது, ஓர் அளவைத் தாண்டினால்தான் வேலை நடக்கும் என்கிற இடத்தில். ஷியென் என்றாலே வரம்பு. சாலையில் வேக வரம்புப் பலகையிலும் இதே எழுத்துதான்.

கேட்டவர்:
புரிந்தது, திருத்திவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், கான் எழுத்து இன்னொரு பாடத்தில் விலங்குக் கூண்டு என்று வந்ததே?

முதலில் பதில் சொன்னவர்:
அதே எழுத்துதான் தம்பி, இடப்பக்கம் மரக் குறி இருக்கும். கூண்டு, கைப்பிடிச் சுவர் என்ற பொருளில் வரும்போது ஜியென் என்று படிக்க வேண்டும். முன்னால் "மென்" இருந்தால் கான், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.