மறு: ஐரிஷ் பப் – மதுக்கூடமா, வேறு சொல்லா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

நாம் தமிழில் டப்பிங் செய்யும் பயணத் தொடரின் வசனத்தில் 'ஐரிஷ் பப்பில் மதிய உணவு' என்று வரும் இடத்தில் 'மதுக்கூடத்தில் மதிய உணவு' என்று போட்டு இழையை முடித்துவிடுவீர்கள் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், உங்கள் வரிகளை எடுத்துப்போட்டே பதில் சொல்கிறேன். நான் இருப்பது டப்ளினில். நேற்று மதியம் சாப்பிட்டதே ஒரு பப்பில்தான். அதை மதுக்கூடம் என்று எழுதி ஊரில் அம்மா படித்தால் அன்று இரவே போன் வரும்.

நேற்று நல்ல சாரல். உள்ளே கணப்பில் டர்ஃப் கட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்துச் செய்வது. புகை கிட்டத்தட்ட நம் வறட்டி வாசனை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வெள்ளைத் தொப்பிக்காரர் முழுசாகச் சுட்ட மாட்டிறைச்சியை நீளக் கத்தியால் சீவிச் சீவி வைத்தார். கூடவே மசித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு. "சிப்ஸும் வைக்கட்டுமா?" என்று வேறு கேட்டார். சாம்பாரா, வத்தக்குழம்பா, ரசமா என்று நாம் கேட்பதுபோல அவர்கள் ஒரே கிழங்கில் மூன்று கேட்கிறார்கள். பிறகு முட்டைக்கோஸ், கேரட், எல்லாவற்றின் தலையிலும் ஒரு கரண்டி கிரேவி.

கூட வந்தவர் ஸ்டூ வாங்கினார். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், அவ்வளவுதான். மிளகாயைத் தேடாதீர்கள். கிழங்கில் பாதி கரைந்து சாறு தானே கெட்டிப்பட்டிருந்தது. தொட்டுக்கொள்ளப் பழுப்பு சோடா ரொட்டி. அதில் ஈஸ்ட் கிடையாது, சமையல் சோடாவும் மோரும் சேர்ந்து உப்ப வைப்பது. அதன்மேல் உப்பு வெண்ணெயை நம்மவர்கள் கூசுகிற அளவுக்குத் தடவுவார்கள்.

பக்கத்து மேசையில் ஒரு பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு கெட்டில் தேநீர். பெரியவர் துணையோடு பிள்ளைகள் இரவு 9 மணி வரை, கோடையில் 10 வரை, பப்பில் இருக்கலாம் என்று இங்கே சட்டமே இருக்கிறது. இந்தப் பாட்டியை எந்த மதுக்கூடத்தில் உட்கார வைப்பது?

> மூலச்சொல் குடியைக் குறிக்கிறது. 'அருந்தகம்' பொருத்தம்.

இல்லை, மூலச்சொல்லில் குடியே இல்லை. பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். எவரும் நுழையக்கூடிய வீடு. பல பப்களின் வாசலில் இன்னும் குடும்பப் பெயர்தான் பலகையாகத் தொங்குகிறது. 'அருந்தகம்' என்றால் பழச்சாறு விற்கிற இடம்கூடப் பொருந்திவிடும்.

> பப்பில் சாப்பாடு பின்னாளில் வந்தது. முதலில் குடிதான்.

பாதி உண்மை. 1927 சட்டப்படி டப்ளின், கார்க் போன்ற நகரங்களில் பப்களை மதியம் 2:30 முதல் 3:30 வரை சாத்தியே ஆகவேண்டியிருந்தது. 'புனித மணி' என்று கிண்டலாகப் பெயர். வார நாள்களில் அது ஒழிந்தது 1988-இல். சாப்பாட்டு வேளையில் கடையடைப்பு என்றால் எவன் உலை வைப்பான்? ஆனால் அதற்கு முன்பும் அது வெறும் குடிக்கும் இடமாக இருந்ததில்லை. முன்பக்கம் மளிகை, பின்பக்கம் பீர் என்று நாடு முழுக்க இருந்தது. டிங்கிள் ஊரில் ஃபாக்ஸி ஜான்ஸ் என்ற பப்பில் ஒரு பக்கம் ஆணி, சுத்தியல் விற்கிறார்கள். டிப்பரரி மாவட்டத்து ஃபெதர்டில் மெக்கார்த்தீஸ் என்ற பப்பில் சவ அடக்கமும் ஏற்பாடு செய்வார்கள். பெயர் வீட்டையோ கடையையோ ஒட்டி வரட்டும், சரக்கை ஒட்டி வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, என் முதல் யோசனை 'பொதியில்'. பொது + இல். பட்டினப்பாலையில் 'வம்பலர் சேக்கும் கந்துடைப் பொதியில்' என்று வருகிறது. ஊருக்குப் புதியவர்கள் வந்து தங்கும் இடம். பப்ளிக் ஹவுஸ் அப்படியே இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது என்று அரை மணி நேரம் துள்ளிக் குதித்தேன். அப்புறம் ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: 'பொதியில் சாப்பிட்டேன்.' மூட்டைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதுபோல இருக்கிறது. 'பொதியிலில் சாப்பிட்டேன்' என்றால் நாக்கு சுளுக்குகிறது. போதாததற்கு, அந்தப் பழைய இடம் கந்து என்ற தெய்வத் தூண் நட்டு விளக்கேற்றித் தொழுத இடம். வேடிக்கை என்னவென்றால் ஐரிஷ் மொழியிலும் இதே சிக்கல் உண்டு: 'மக்கள் வீடு' என்று நேராகச் சொன்னால் அங்கே அது தேவாலயம்.

'பொதுமனை' என்று மாற்றலாமா என்று வீட்டில் கேட்டேன். "பொதுமகளிர் ஞாபகம் வருது, வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

> எங்கட ஊரில தவறணை எண்டுதான் சொல்லுவம். அதையே போடுங்கோவன்.

யாழ்ப்பாணத்து அண்ணா போன வாரமே இதைச் சொன்னார். தவறணை என்றதும் அங்கத்திய கள்ளுக்கடை கண்ணில் வருகிறதே என்று நான்தான் தள்ளிவிட்டேன். இப்போது காதைப் பிடித்துக்கொள்கிறேன். ஐரிஷ் மொழியில் பப்புக்குப் பெயர் 'ட்யாஹ் தாவர்னெ'. ட்யாஹ் என்றால் வீடு. தாவர்னெ லத்தீன் 'தபெர்னா'விலிருந்து வந்தது. நம் தவறணை போர்த்துக்கீசியர் வழியாக வந்தது, மூலம் அதே தபெர்னா. அந்த லத்தீன் சொல்லுக்கு முதலில் குடிசை, கடை என்றுதான் பொருள். குடி பிறகு ஒட்டிக்கொண்டது. ஆணியும் தேயிலையும் விற்ற பப்புக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை. கள்ளு வாசனை வீசினால் கொஞ்சம் வீசட்டும். பப்பிலும் பீர் வாசனை வீசத்தானே செய்கிறது. என் வாக்கு தவறணைக்கு.

மீதி இருப்பது 'ஸ்னக்'. தொடரில் இருமுறை வருகிறது. பப்புக்குள் மரத்தடுப்பும் சொரசொரப்புக் கண்ணாடியும் வைத்து, தனிக் கதவு போட்டு, நாலைந்து பேர் நெருங்கி உட்காரும்படி ஒதுக்கிய சின்ன அறை. கல்லாப் பக்கம் ஒரு சிறு சன்னல், கோப்பை அது வழியாக வரும். வெளியே தலைகாட்ட முடியாத பாதிரியார், போலீஸ்காரர், அந்தக் காலத்துப் பெண்கள் உட்கார்ந்தது அங்கேதான். 'தனியறை' என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது. அது லாட்ஜ் அறை. 'ஒதுங்கறை' என்று ஒருவர் எழுதியிருந்தார். மழைக்கு ஒதுங்குவது சரி, ஆனால் கிராமத்தில் ஒதுங்கப் போவது வேறு காரியத்துக்கு.

நான் சொல்வது 'ஒண்டறை'. மழைக்குத் திண்ணையில் ஒண்டுகிறோம், ஒண்டுக்குடித்தனம் இருக்கிறோம். இடுக்கம், கதகதப்பு, தற்காலிகம் மூன்றும் 'ஒண்டு' என்ற சொல்லிலேயே இருக்கின்றன.

வசனத்தில் வைத்துப் பார்த்தேன்: 'மழை வலுத்தது. தவறணைக்குள் நுழைந்தோம். ஒண்டறை காலியாக இருந்தது. ஸ்டூ வரச் சொன்னோம்.' உதட்டசைவுக்கும் பொருந்துகிறது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை ஒலிப்பதிவு. ஸ்டூவுக்கு யாரும் கலைச்சொல் கேட்காதீர்கள், அதை ஸ்டூவாகவே விட்டுவிடுவோம்.

அன்புடன்,
டப்ளினிலிருந்து