‘ஸ்கிரீனிங்’குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (குடல் புற்றுநோய்ப் பாடம், திங்களுக்குள் வேண்டும்)

செவிலியர் பயிற்றுநர், மதுரை:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் மாணவிகளுக்காகச் சமுதாய நலப் பாடக் குறிப்பு ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறோம். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயை ஒரு நாடு முழுவதும் முன்கூட்டியே கண்டுபிடிப்பதை எப்படி மேம்படுத்துவது என்பதுதான் பாடம். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ‘ஸ்கிரீனிங்’ என்ற சொல்லிலேயே நிற்கிறோம். ‘பரிசோதனை’ என்று போட்டால், ரத்தப்போக்கோடு வருபவருக்குச் செய்வதும் ஒரு தொந்தரவும் இல்லாதவரைக் கூப்பிட்டுச் செய்வதும் ஒன்றாகிவிடுகின்றன. ‘திரையிடல்’ என்று எழுதிப் பார்த்தோம். மாணவிகளுக்குச் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), மேலூர்:

திரையிடலை விட்டுவிடுவோம் அம்மா. அது ‘ஸ்கிரீன்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துச் செய்த சொல். செயலைப் பாருங்கள். பெருந்திரளில் இருந்து சிலரைப் பிரித்தெடுத்து, அவர்களை மட்டும் மேற்கொண்டு பார்ப்பது. இதற்கு ‘ஆய்தல்’ இருக்கிறதே! இன்றும் வீட்டில் கீரை ஆய்கிறோம். கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு தண்டாகப் பார்த்து, பூச்சி அரித்ததைத் தனியே எடுக்கிறோம்.

‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்பது தொல்காப்பிய உரியியல். உள்ளதன் நுணுக்கம்! ஒலி நுணுகுவதால்தான் ஃ என்ற எழுத்துக்கு ஆய்தம் என்று பெயர் என உரைகாரர்கள் விளக்குகிறார்கள். பருமனாக இருப்பதை நுணுகச் செய்வது என்ற வேர்ப்பொருளில் இருந்துதான் நுணுகிப் பார்ப்பதும், அதில் இருந்து தேர்ந்தெடுப்பதும் கிளைத்திருக்க வேண்டும். நூலறிவும் கீரைக்கட்டும் ஒரே வினையில் சந்திக்கின்றன. ஆகவே என் பரிந்துரை: ஆய்ந்தெடுப்பு.

மென்பொருள் எழுதுபவர், திருநகர்:

ஐயா சொல்வது அழகு. ‘சலித்தல்’ இன்னும் எளிதில்லையா? சல்லடை எல்லோருக்கும் தெரியும்.

மேலூர்:

தெரியும் தம்பி. ஆனால் சலித்துப்போதல் என்ற பொருளும் கூடவே வரும். ‘குடல் சலிப்பு’ என்று எழுதிப் படித்துப் பாருங்கள்.

கிராம சுகாதார செவிலியர், உசிலம்பட்டிப் பக்கம்:

ஐயாவுக்கு வணக்கம். எதிர்த்துப் பேசுவதாக நினைக்கக் கூடாது. ‘ஆய்ந்தெடுப்புக்கு வாங்க’ என்று ஒரு வீட்டு வாசலில் நின்று சொன்னால், எதையோ வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று பயந்துவிடுவார்கள். வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும்தான் எங்கள் வேலையில் இப்போது இது நடக்கிறது. அதற்கே பெண்களைக் கூட்டிவருவது பெரும்பாடு. பிபி, சுகர் ஸ்கிரீனிங் என்பது மட்டும் ஊரில் பழகிவிட்டது. அந்தச் சொல்லையே வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மொழிபெயர்ப்பாளர், திருமங்கலம்:

குறையும் அக்கா. ஊருக்குச் சொல்லும் சொல் வேறு, பாடநூல் சொல் வேறு. மாணவி ‘ஸ்கிரீனிங்’ என்று மனப்பாடம் செய்தால், ஏன் நலமாக இருப்பவரைக் கூப்பிடுகிறோம் என்பது அந்தச் சொல்லில் இருந்து அவளுக்குக் கிடைக்காது. ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்’ என்ற குறளில் இருந்து எடுக்கலாம். எதிர்நாடல். வரப்போவதை எதிர்நோக்கி நாடுதல்.

உசிலம்பட்டி:

‘எதிர்’ என்றால் எதிரி, எதிர்ப்பு என்றுதான் முதலில் தோன்றும் தம்பி. குறளைப் படித்தவர்களுக்குச் சரி.

குடல் மருத்துவர், மதுரை:

எல்லாவற்றையும் படித்தேன். இலக்கணம் எனக்குத் தெரியாது. இந்தச் சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலாவது, இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை அன்று. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். மூலம் இருந்தாலும் ரத்தம் தெரியலாம். அதனால் ‘இருக்கிறது’ என்று வந்தால் புற்றுநோய் என்று பொருள் இல்லை, கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா உள்ள குழாயைச் செலுத்திக் குடலுக்குள் பார்ப்பது) செய்து பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். ‘இல்லை’ என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சில புற்றுகள் அன்றைக்கு ரத்தம் கசியாமல் இருக்கும். இரண்டு வருடம் கழித்து மறுபடி செய்யச் சொல்வது அதனால்தான். ஏற்கெனவே ரத்தம் போகிறவர், எடை குறைகிறவர் இந்த வரிசையில் நிற்கவே கூடாது. அவர் நேராக மருத்துவரிடம் வர வேண்டும்.

இரண்டாவது, இது தனி ஒரு சோதனை இல்லை, ஒரு முழு ஏற்பாடு. நெதர்லாந்தில் 2014இல் 55 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்காகத் தொடங்கினார்கள். ஒரு கிராம் மலத்தில் 15 மைக்ரோகிராம் ரத்தப் புரதம் இருந்தாலே மேல்சோதனை என்று வைத்தார்கள். எதிர்பார்த்ததைவிடப் பலர் அந்த அளவைத் தாண்டினார்கள், கொலனோஸ்கோபிக்கு இடம் போதவில்லை. அதே ஆண்டில் அளவை 47க்கு உயர்த்த வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 2019இல் பழைய முறையை விட்டுப் மலத்தில் உள்ள ரத்தப் புரதத்தை எதிர்ப்பான் (ஆன்டிபாடி) கொண்டு கண்டுபிடிக்கும் புதிய சோதனைக்கு மாறினார்கள். பழையதில் மூன்று தடவை மலம் கழிக்கும்போது இரண்டிரண்டு மாதிரி எடுக்க வேண்டும். புதியதற்கு ஒரே மாதிரி போதும். அதற்கு முன்பு நடந்த முன்னோட்டத்திலேயே பங்கேற்பு சுமார் 59 விழுக்காட்டில் இருந்து 66க்கு ஏறியிருந்தது. மருந்தும் மாறவில்லை, மருத்துவரும் மாறவில்லை. மக்களுக்கு அருவருப்பும் சிரமமும் குறைந்தன, அவ்வளவுதான். அழைப்புக் கடிதம், நினைவூட்டல், வீட்டுக்கு வரும் குப்பி, கொலனோஸ்கோபி செய்ய ஆள், பிறகு தொடர் கவனிப்பு: எது அறுந்தாலும் மற்றதெல்லாம் வீண். சொல் இதைக் காட்டாவிட்டாலும் மறைக்காமலாவது இருக்கட்டும்.

திருமங்கலம்:

அப்படியானால் ‘வருமுன் சோதனை’? வருமுன் காப்போம் திட்டத்தால் ‘வருமுன்’ நம் மக்களுக்குப் பழகிய சொல்.

குடல் மருத்துவர்:

மார்பகத்துக்கு அது பொருந்தாது. அங்கே வந்துவிட்ட சிறு புற்றைத்தான் கண்டுபிடிக்கிறோம். குடலுக்கு ஓரளவு பொருந்தும். குடல் சுவரில் முளைக்கும் பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போல ஆகும். கொலனோஸ்கோபியிலேயே அதை எடுத்துவிட்டால் புற்று வராமலே தடுத்துவிடலாம்.

மேலூர்:

ஒரு நோய்க்குப் பொருந்தி இன்னொன்றுக்குப் பொருந்தாத சொல் எப்படிக் கலைச்சொல் ஆகும்? ஆய்ந்தெடுப்பு எல்லா நோய்க்கும் பொருந்தும். இன்னொன்றையும் கேட்கிறேன். டாக்டர் ‘ரத்தம்’ என்று எழுதுகிறார். குருதி என்ன பாவம் செய்தது? ‘மறைகுருதி’ எவ்வளவு சுருக்கம்!

உசிலம்பட்டி:

ஐயா, குருதி என்று எங்கள் ஊரில் எந்தக் கிழவியும் சொல்லிக் கேட்டதில்லை. மலம் என்று சொல்லவே கூச்சப்பட்டு ‘மோஷன்’ என்கிறவர்களிடம் நான் குப்பியைக் கொடுக்க வேண்டும். ‘வெளிக்குப் போகும்போது கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியுதான்னு பார்க்கிறோம், உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னாலும் பார்க்கணும்’ என்று சொன்னால் புரியும். பாடத்தில் இந்த வாக்கியத்தையும் சேருங்கள் டீச்சர். சொல்லைவிட இதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு வேலைக்கு உதவும்.

மேலூர்:

அவர்கள் சொல்லாததால்தான் நாம் சொல்லித் தர வேண்டும் அம்மா. பேருந்து என்ற சொல்லையும் ஒரு காலத்தில் யாரும் சொல்லவில்லை.

திருநகர்:

பேருந்து பலகையில் எழுதியிருக்கிறது ஐயா. ஏறும்போது பஸ் என்றுதான் சொல்கிறோம்.

செவிலியர் பயிற்றுநர்:

அனைவருக்கும் நன்றி. இன்று இரவு கோப்பை அனுப்பியாக வேண்டும். பெரும்பாலானவர்கள் ‘வருமுன் சோதனை’யை ஏற்கிறீர்கள், டாக்டர் அரை மனதோடு. முதல் இடத்தில் ‘ஸ்கிரீனிங் எனப்படும் வருமுன் சோதனை’ என்று போடுகிறேன். முழு ஏற்பாட்டுக்கு ‘வருமுன் சோதனைத் திட்டம்’. கொலனோஸ்கோபியைச் சோதனை என்று எங்கும் எழுதவில்லை, ‘உறுதிசெய் ஆய்வு’ என்றிருக்கும். உசிலம்பட்டி அக்காவின் வாக்கியம் அப்படியே பெட்டிச் செய்தியாக வருகிறது. ரத்தம், ரத்தமாகவே இருக்கும்.

மேலூர்:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் நான் உடன்படவில்லை என்பது பதிவாக வேண்டும். மார்பகப் புற்றுப் பாடம் எழுதும் நாளில் இந்தச் சொல் உங்களைக் கைவிடும். அன்றைக்கு ஆய்ந்தெடுப்பை மறுபடி இங்கே வைப்பேன்.

குடல் மருத்துவர்:

அந்த ஒரு விஷயத்தில் நான் ஐயா பக்கம். ‘எடுப்பு’ மட்டும் வேண்டாம்.