மார்த்தாண்டம் தேன்: நிறமும் தரமும்

கேள்வி:
மார்த்தாண்டத்தில் வாங்கிய ரப்பர்த் தோட்டத் தேன் வெளிர் நிறத்தில் இருப்பதுடன், சில வாரங்களிலேயே அடியில் உறைந்தும் விட்டது. சர்க்கரைப் பாகு கலந்திருக்குமா? கருந்தேனில்தான் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் மிகுதி என்பது உண்மையா?

பதில் 1:
உறைவது கலப்படத்துக்குச் சான்றன்று; குளுக்கோஸ் மிகுந்த தேன் இயல்பாகவே உறையும். ரப்பர் மரத்தில் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்தே தேனீக்கள் பெரும்பாலும் இனிப்புநீரைத் திரட்டுகின்றன என்பதால், அதைப் பூந்தேன் என்று விற்பதுதான் எனக்குச் சற்று உறுத்தல்.

பதில் 2:
கருந்தேனில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்களான பீனாலிக் சேர்மங்கள் பொதுவாகக் கூடுதல்தான். ஆயினும், சூடாக்கிய தேனும் பழைய தேனும்கூடக் கருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல், சூடாக்கும்போதும் நாள்படும்போதும் தேனில் கூடும் எச்.எம்.எஃப். என்ற சேர்மத்தின் அளவை ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தரநிலையின்படி அதன் வரம்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம். வெப்பமண்டலத் தேனுக்கு 80.

கேட்டவர்:
ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம்?

பதில் 2:
20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தேன் புளிக்கத் தொடங்கும்.